சாட்சியத்தில் ஒரு 'அல்ல' விடுபட்டால்

ஆசிரியர் அவர்களுக்கு,

குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் சொல்வதைச் சாட்சி மறுத்தால், "சம்பவத்தன்று நான் அந்த இடத்தில் இல்லை என்று சொன்னால் சரியல்ல" என்று பதிவாகும். தட்டச்சில் கடைசி 'அல்ல' விடுபட்டு 'சரி' என்று நின்றுவிட்டால், கண்ணால் பார்த்த சாட்சியே அங்கு இல்லை என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். மேல்முறையீட்டு நீதிமன்றம் படிக்கப்போவது அந்தத் தாளைத்தான்.

மதுரைப் பக்கத்தில் பிழை நுழையும் இடங்கள் வேறு சிலவும் உண்டு. அப்பத்தாவையும் (அப்பாவின் அம்மா) அம்மாச்சியையும் (அம்மாவின் அம்மா) 'பாட்டி' என்றே அடித்துவிட்டால், பாகப்பிரிவினை வழக்கில் சொத்து எந்த வழியில் வந்தது என்பதே குழம்பிப் போகும். கீழமாசி வீதி மேலமாசி வீதியாகிவிடும். நில அளவில் புள்ளியைக் கவனிக்க வேண்டும். ஹெக்டேர் கணக்கில் 0.40.5 (அதாவது 40.5 ஏர்) என்பது ஏறக்குறைய ஒரு ஏக்கர், 0.04.05 என்று அடித்தால் வெறும் 10 செண்ட். சர்வே எண்ணில் உட்பிரிவு எழுத்து விடுபட்டால் அது அடுத்தவர் நிலம்.

குற்ற வழக்குகளில் இதற்கு வழி இருக்கிறது. புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பிஎன்எஸ்எஸ்-ஸின் 313-வது பிரிவின்படி (பழைய சட்டத்தில் 278) சாட்சியம் முடிந்ததும் அதைச் சாட்சிக்குப் படித்துக் காட்ட வேண்டும், தேவைப்பட்டால் திருத்த வேண்டும். பதிவான மொழி சாட்சிக்குப் புரியாவிட்டால், அவருக்குப் புரியும் மொழியில் எடுத்துச் சொல்ல வேண்டும். பதிவு தவறு என்று சாட்சி சொல்லி, நீதிபதி திருத்தாவிட்டாலும், அந்த ஆட்சேபத்தைக் குறிப்பாக எழுதி வைக்கலாம். இது பலருக்குத் தெரிவதில்லை. அன்றாடக் கூலியை விட்டுவிட்டு உசிலம்பட்டியிலிருந்தோ மேலூரிலிருந்தோ வந்தவர், பஸ் பிடிக்கும் அவசரத்தில் கையெழுத்துப் போட்டுவிடுவார். 'படித்துக் காட்டப்பட்டது, சரி' என்ற வரியும் அடியில் ஏறிவிடும். படிக்காமல் அந்த வரியை ஏற்றுவது பெரிய அநியாயம்.

கையெழுத்துக்கு முன்பே பிழை தெரிந்தால் அங்கேயே சொல்லுங்கள். பழைய சொல் தெரியும்படி ஒற்றைக்கோடு போட்டு, மேலே சரியான சொல்லை எழுதி, நீதிபதியின் சுருக்கொப்பம் பெறுவதே பாதுகாப்பு. வொயிட்னர் வேண்டவே வேண்டாம்.

பிறகு தெரியவந்தால் நகல் மனு போட்டு நகலை வாங்கி, அதே நீதிபதியிடம் உடனே மனு கொடுக்க வேண்டும். எந்தப் பக்கம், எத்தனையாவது வரி, என்ன அடித்திருக்கிறது, என்ன சொன்னது, அதற்கு ஆதாரம் எது என்று ஒவ்வொன்றும் அதில் இருக்க வேண்டும். அதே சாட்சியத்தின் முந்தைய பதிலோ, வழக்கில் சான்றாக எண்ணிட்டுக் குறியீடு செய்த ஆவணமோ ஆதாரமாகும். நீதிமன்றத்தில் நடந்ததாக நீதிபதி பதிவு செய்தது தவறென்றால், அவருக்கு நினைவு மங்குமுன் அவரிடமே முறையிட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1982-லேயே சொல்லியிருக்கிறது. மேல்முறையீட்டில் போய் முதல்முறையாகச் சொன்னால் எடுபடாது.

சாட்சியே மாற்றிச் சொல்லியிருந்தால் அது தட்டச்சுப் பிழையல்ல. அதற்குச் சாட்சியை மீண்டும் கூண்டுக்கு அழைக்கக் கேட்கும் மறு அழைப்பு மனுதான்: குற்ற வழக்கில் பிஎன்எஸ்எஸ் 348-வது பிரிவு, உரிமையியல் (சிவில்) வழக்கில் சிவில் நடைமுறைச் சட்டத்தின் ஆணை 18 விதி 17. பிழைத் திருத்தத்தையும் மறு அழைப்பையும் ஒரே மனுவில் கலந்தால், வழக்கில் உள்ள ஓட்டையை அடைக்கப் பார்க்கிறார்கள் என்ற சந்தேகம் வரும். தட்டச்சுப் பிழைக்கு சிவில் நடைமுறைச் சட்டத்தின் 152-வது பிரிவைக் காட்டுவதும் பொருந்தாது. அது தீர்ப்பு, தீர்ப்பாணை, உத்தரவுகளில் உள்ள எழுத்து, கணக்குப் பிழைகளுக்கானது.

சாட்சிக்கூண்டுக்கும் வழக்கறிஞர் மேசைக்கும் எதிரே தட்டச்சுத் திரையின் இன்னொரு மானிட்டரை வைத்துவிட்டால், பாதிப் பிழைகளை அடிக்கும்போதே பிடித்துவிடலாம். படிக்கத் தெரியாத சாட்சிகளுக்கு மட்டும் பெஞ்ச் கிளார்க் நிறுத்தி நிதானமாக வாசிக்கட்டும்.

வழக்கறிஞர் ஒருவர்,
மதுரை