பகோ பக்கத்துக் கணக்கு இன்னும் தீரவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

2025 மார்ச் 28 மியான்மர் நிலநடுக்கத்தைப் பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையில் இரண்டு கருத்துகளைத் திருத்த வேண்டியிருக்கிறது. இந்தியத் தட்டு வந்து மோதியதால் மாந்தலை ஆடியது என்பது ஒன்று. இவ்வளவு பெரியது வந்து போய்விட்டதால் இனி நூறு வருஷத்துக்குப் பயமில்லை என்பது மற்றொன்று. முதலாவது பாதி உண்மை. இரண்டாவது முழுத் தவறு. யாங்கோனிலும் பகோவிலும் தட்டோனிலும் இருக்கும் நம்மவர்கள் அதை நம்பிவிடக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறோம்.

பூமியின் மேலோடு மெல்ல நகரும் பெரிய பாறைத் துண்டுகளால் ஆனது; அவற்றைத்தான் தட்டு என்கிறோம். நமக்கு மேற்கே வங்காள விரிகுடாவின் அடித்தளம் இந்தியத் தட்டு. கிழக்கே ஷான் மேட்டுநிலம் சுந்தா தட்டைச் சேர்ந்தது. நடுவே, ராக்கைன் கரையிலிருந்து மாந்தலை வரை உள்ள ஒடுங்கிய துண்டுக்குப் பர்மா தட்டு என்று பெயர். சுந்தா தட்டை அசையாததாக வைத்துப் பார்த்தால் இந்தியத் தட்டு வருஷத்துக்கு ஏறக்குறைய 35 மி.மீ. வடக்கே போகிறது, போகிற போக்கில் பர்மா தட்டையும் இழுத்துக்கொண்டு போகிறது. இந்த நகர்வில் பாதிக்குச் சற்று மேல், 18 முதல் 20 மி.மீ. வரை, பர்மா தட்டுக்கும் சுந்தா தட்டுக்கும் நடுவே உள்ள சகாயிங் பிளவில் தீர வேண்டும். மீதியை ராக்கைன் யோமா மலைத்தொடரும் அதற்கு மேற்கே உள்ள கடலடியும் தாங்குகின்றன.

காச்சின் மாநிலத்திலிருந்து அந்தமான் கடல் வரை 1,200 கி.மீ.க்கு மேல் ஓடும் இந்தப் பிளவில் தட்டுகள் நேருக்கு நேர் முட்டுவதில்லை. பக்கவாட்டில் உரசிக்கொண்டு நகர்கின்றன. கிழக்குப் பக்கம் நின்று மேற்கே பார்த்தால் எதிர்ப்பக்கம் வலது கைப் பக்கமாக, அதாவது வடக்கே நகரும். மேற்கே நின்று கிழக்கே பார்த்தாலும் எதிர்ப்பக்கம் வலதுபுறமாகவே போகும். மாந்தலைக்குத் தெற்கே தாஸி அருகே ஒரு கண்காணிப்புக் கேமராவில் பதிந்த காட்சியைப் பலரும் பார்த்திருப்பீர்கள். அதை அளந்த கியோட்டோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள், தரை 1.3 விநாடியில் 2.5 மீட்டர் நழுவியதாகக் கணக்கிட்டார்கள். நேராக ஓடிய வயல் வரப்பை வெட்டி நகர்த்தி வைத்தது போல ஆனது இதனால்தான். பூமி வாயைப் பிளந்து ஊரை விழுங்கியது என்று எழுதுவது சரியல்ல.

இனி அந்த நூறு வருஷப் பேச்சு. பிளவில் தரையிலிருந்து சுமார் 15 கி.மீ. ஆழம் வரை உள்ள பாறை உராய்வால் பூட்டிக்கிடக்கிறது. அதற்குக் கீழே சூட்டில் இளகிய பாறை நிற்காமல் ஊர்ந்துகொண்டே இருக்கிறது. கீழே நகர்வதும் மேலே நிற்பதுமாக, நடுவில் உள்ள பாறை மூங்கில் போல் வளைகிறது. உராய்வு தாங்காத நாளில் வளைந்தது சட்டென்று நிமிர்கிறது. ஆகவே எத்தனை வருஷம் பூட்டிக்கிடந்ததோ, அதை 18 அல்லது 20 மி.மீ.யால் பெருக்கினால் சேர்ந்திருக்கும் நழுவல் தோராயமாகக் கிடைக்கும். தாஸியை ஒட்டிய மெய்க்தீலா பக்கம் 1839-க்குப் பிறகு பெரிதாக எதுவும் உடையவில்லை. 186 வருஷம், 3.3 முதல் 3.7 மீட்டர் வரை. தாஸியில் கண்ட 2.5 மீட்டர் இதற்குள் அடங்கிவிடுகிறது. இந்த இடைவெளி ஆபத்தானது என்று நிலவியலாளர்கள் 2011-லேயே எழுதியிருந்தார்கள்.

ஆனால் கணக்கு எல்லா இடத்திலும் இப்படிப் படிவதில்லை. 1956-ல் சகாயிங் நகரின் பக்கம் உடைந்த பகுதி 2025-ல் மறுபடியும் உடைந்தது. இடையில் 69 வருஷம்தான். ஆகவே நூறு வருஷம் என்று யாரும் உறுதி கொடுக்க முடியாது. இந்த முறை உடைப்பு மாந்தலைக்கு வடக்கே தொடங்கி, நேப்பிடாவையும் தாண்டி, 450 கி.மீ.க்கு மேல் இரண்டு நிமிஷத்துக்குள் ஓடியது. தெற்கே ஓடும்போது தரையைப் பக்கவாட்டில் குலுக்கும் குறுக்கலைகளையே முந்திக்கொண்டது. மையத்திலிருந்து வெகு தொலைவில் இருந்த நேப்பிடா அவ்வளவு அடிபட்டதற்கு அதுவும் ஒரு காரணம்.

உடைப்பு நின்ற இடத்துக்குத் தெற்கே இருப்பது பகோ பகுதி. அது கடைசியாக உடைந்தது 1930 மே 5-ல். ஷ்வேமோதோ புத்தகோயில் விழுந்தது. பகோவில் சுமார் 500 பேரும் யாங்கோனில் சுமார் 50 பேரும் இறந்தார்கள். அதன் பிறகு 95 வருஷத்தில் 1.7 முதல் 1.9 மீட்டர் வரை சேர்ந்துவிட்டது. நிலநடுக்க அளவு 7-ஐத் தாண்ட அது போதும். ஒரு பகுதி நழுவினால் அதன் சுமை முனையில் உள்ள அடுத்த பகுதி மேல் ஏறும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இதற்குச் சாட்சி இங்கேயே இருக்கிறது: 1930 மே மாதம் பகோ உடைந்தது, அதே வருஷம் டிசம்பரில் அதற்கு வடக்கே பியூ உடைந்தது. அடுத்தது நாளைக்கே வரும் என்று நாங்கள் சொல்லவில்லை. நாள் குறிக்கும் முறை எதுவும் இன்று இல்லை. நாள் குறித்துச் சொல்லும் பேஸ்புக் பதிவுகளைத் தயவுசெய்து பகிராதீர்கள்.

கட்டுரை சொன்ன மோதல் நடப்பது மேற்கே. அங்கே இந்தியத் தட்டு சாய்ந்து பர்மாவின் அடியில் இறங்குகிறது. இறங்கும்போது வழித்தெடுக்கப்பட்ட கடல் வண்டல்தான் மடிந்து ராக்கைன் யோமா ஆயிற்று. இறங்கிய தட்டிலிருந்து வெளிப்படும் நீர் மேலே உள்ள பாறையின் உருகுநிலையைக் குறைக்கும். போப்பா எரிமலை அப்படி எழுந்தது. சௌசெய்ன் என்று நாம் சொல்லும், காச்சின் மாநிலத்துப் பாக்கான் பச்சைக்கல்லும் (ஜேட்), அதிக அழுத்தமும் குறைந்த சூடும் சேரும் இத்தகைய இறங்குமிடத்தில்தான் உருவாகும். 2016 ஆகஸ்ட் 24-ல் பகானின் பழைய கோயில்களைச் சிதைத்த 6.8 அளவு நடுக்கம், 80 கி.மீ.க்கும் கீழே, இறங்கிய அந்தத் தட்டுக்குள்ளேயே நிகழ்ந்தது. ஆழம் அதிகமாக இருந்ததால் உயிர்ச்சேதம் குறைவு. 2025-ல் ஆழம் 10 கி.மீ. அளவுதான், அளவோ 7.7. அளவில் ஓர் எண் கூடினால் வெளிப்படும் சக்தி ஏறக்குறைய 32 மடங்கு.

யாங்கோனுக்கு இன்னொரு கவலையும் உண்டு. ஆற்று வண்டல் அலையைப் பெரிதாக்கும். நீர் ஊறிய தளர்ந்த மணல் குலுங்கினால் குழம்பாகிவிடும். ஏறத்தாழ 1,000 கி.மீ. தள்ளி இருந்த பாங்காக்கில் கட்டி முடியாத கோபுரக் கட்டடம் சரிந்ததை நினைத்துப் பாருங்கள். அந்த நகரும் மென்களிமண் மேல்தான் நிற்கிறது.

கோயில் கமிட்டிகளுக்கும் வீடு கட்டுவோருக்கும் சில வார்த்தைகள். செங்கல்லும் சுண்ணாம்பும் மட்டும் கொண்ட பழைய சுவர்கள் மூலையில்தான் முதலில் பிரியும். அடித்தளத்திலும், கதவு நிலைக்கு மேலும், கூரை மட்டத்திலும் கம்பி போட்ட கான்கிரீட் பட்டையைச் சுற்றிலும் அறாமல் ஓட்டினால் நான்கு சுவரும் ஒன்றாக ஆடும். கீழ்த்தளத்தைக் கடைகளுக்காகத் திறந்துவிட்டு மேலே சுவர் நிறைத்த கட்டடத்தில் கீழ்த்தூண்கள் ஒடியும், மேல்தளம் அப்படியே உட்காரும். மொட்டை மாடியில் 1,000 லிட்டர் தொட்டி வைத்தால் அது 1 டன் எடை. அதைத் தூண் இருக்கும் இடத்துக்கு மேல் வையுங்கள். கைப்பிடிச் சுவரை ஒட்டி வேண்டாம்.

தூணில் பார்க்க வேண்டியது ரிங், அதாவது நெடுங்கம்பிகளைச் சுற்றிக் கட்டும் வளையக் கம்பி. மேல்முனையிலும் கீழ்முனையிலும் குறைந்தது 45 செ.மீ. நீளத்துக்கு 10 செ.மீ.க்கு ஒன்று வீதம் இருக்க வேண்டும். அதன் கொக்கியை 135 டிகிரி மடக்கித் தூணின் உள்ளே செலுத்த வேண்டும். வேலையாட்கள் வழக்கமாக 90 டிகிரியில் விட்டுவிடுவார்கள். நடுக்கத்தில் மேல்பூச்சு உதிர்ந்ததும் அந்தக் கொக்கி விரிந்துகொள்ளும், நெடுங்கம்பி பிதுங்கும், தூண் நசுங்கும். ரிங் கட்டி முடித்த அன்றே கமிட்டியிலிருந்து ஒருவர் அளவு நாடாவுடன் போய் எண்ணிப் பார்த்துவிடுங்கள். கான்கிரீட் ஊற்றிய பிறகு பார்க்க வழியில்லை.

இப்படிக்கு,
நிலவியல் ஆசிரியர்களும் கட்டுமானப் பொறியாளர்களும் சிலர்,
யாங்கோன்.