என்பிஏவில் ஒரு ஆட்டம்கூட ஆடாத கைல் ஹைன்ஸுக்கு

அன்புள்ள கைல்,

அமெரிக்கக் கூடைப்பந்து ஆட்டக்காரரான உங்களைப் பற்றிப் பேச்செடுத்தால் என் நண்பர்கள் கேட்கும் முதல் கேள்வி, அமெரிக்காவின் பெரிய லீக்கான என்பிஏவை வைத்து, "என்பிஏல எந்த டீம்?" என்பதுதான். எந்த டீமும் இல்லை என்றதும் பாதிப் பேருக்கு சுவாரஸ்யம் போய்விடுகிறது. அப்புறம் நான் ஐரோப்பிய கிளப்புகளின் உச்சப் போட்டியான யூரோலீக்கில் நான்கு கோப்பை, மூன்று முறை சிறந்த தடுப்பாட்டக்காரர் விருது என்று எவ்வளவு அடுக்கினாலும், "ஓ, அங்க இடம் கிடைக்காம ஐரோப்பா போயிட்டாரா" என்று முடித்துவிடுகிறார்கள். அவர்களிடம் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய்த்தான் உங்களுக்கே எழுதுகிறேன்.

நீங்கள் கிரீன்ஸ்போரோவில், நார்த் கரோலினா பல்கலைக்கழக அணிக்கு ஆடிய நான்கு வருடத்தில் 2000 புள்ளிகள், 1000 ரீபவுண்டுகள் (தவறிய எறியில் பந்தைப் பிடிப்பது), 300 பிளாக்குகள் (எதிராளியின் எறியைத் தட்டிவிடுவது) மூன்றையும் தாண்டியவர். அமெரிக்கக் கல்லூரி வரலாற்றில் இதைச் செய்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம், அந்தச் சிலரில் என்பிஏ ஜாம்பவான்கள் டிம் டங்கனும் டேவிட் ராபின்சனும் உண்டு. ஆனால் அந்த நான்கு வருடத்தில் உங்கள் அணி, கல்லூரிகளின் தேசியப் போட்டியான மார்ச் மாத என்சிஏஏவுக்கு ஒருமுறைகூடப் போகவில்லை. அதே கான்ஃபரன்ஸில் (கல்லூரி அணிகளின் பிரிவு) ஆடிய டேவிட்சன் கல்லூரி 2008இல், பிற்பாடு என்பிஏ நட்சத்திரமான ஸ்டீஃபன் கறி என்ற பையனை வைத்து ஊரையே கலக்கிக்கொண்டிருந்தது, உங்கள் பக்கம் கேமரா திரும்பவே இல்லை. அதைவிடப் பெரிய சிக்கல் உயரம். சென்டர் என்றால் கூடைக்கடியில் ஆடும், வழக்கமாக அணியிலேயே உயரமான ஆள். 6 அடி 6 அங்குலத்தில் ஒரு சென்டரா, அதுவும் வெளியிலிருந்து எறியாத சென்டரா என்று, என்பிஏ அணிகள் புதிய ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் அந்த வருட டிராஃப்டில் உங்களை யாரும் எடுக்கவில்லை.

சரி, எடுக்கப்படாதவர்கள் என்ன செய்வார்கள்? நீங்கள் போனது வெரோலி. ரோமுக்குத் தெற்கே மலைமேல் இருக்கும் சின்ன ஊர், இத்தாலியின் இரண்டாம் நிலை லீக். ஐரோப்பிய ஒப்பந்தம் என்றால் பொதுவாக வரி போகக் கையில் வரும் பணம், கிளப் கொடுக்கும் வீடு, கிளப் கொடுக்கும் கார். கேட்க சுகமாகத்தான் இருக்கும். ஆனால் பல நாடுகளில் வெளிநாட்டு ஆட்டக்காரருக்கு இருப்பதே சில இடங்கள், அதனால் உள்ளூர்ப் பையன் மோசமாக ஆடினால் "போகப் போகச் சரியாகிவிடுவான்" என்பார்கள், அமெரிக்கர் நாலு ஆட்டம் சொதப்பினால் கிறிஸ்துமஸுக்குள் பெட்டியைக் கட்டச் சொல்லிவிடுவார்கள். கிளப் சம்பளத்தை இழுத்தடிக்கும் வழக்குகளுக்கென்றே சர்வதேசக் கூடைப்பந்து அமைப்பு 2007இல் தனி நடுவர் மன்றம் தொடங்க வேண்டிவந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள் (உங்களுக்குத் தெரியாததா, இது என் நண்பர்களுக்காக).

2010இல் ஜெர்மனியின் பாம்பெர்க் அணிக்குப் போனீர்கள், அந்த சீசனிலேயே லீக் கோப்பை, இறுதிச் சுற்றின் சிறந்த ஆட்டக்காரர் விருது. மறுவருடம் அதே கிளப்பில் அதே விருதை வாங்கியவர் பி.ஜே. டக்கர், கிட்டத்தட்ட உங்கள் உயரம், உங்கள் உடல்வாகு. அவர் 2012இல் என்பிஏவுக்குத் திரும்பினார், 2020இல் ஹூஸ்டன் அணி அவரையே சென்டராக நிறுத்தி ஆடியது, உலகமே அதைப் புதுமை என்று வியந்தது. எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. நீங்கள் அந்த வேலையை அதற்குள் பத்து வருடத்துக்கு மேல் பார்த்துவிட்டிருந்தீர்கள்.

2012 இஸ்தான்புல் யூரோலீக் இறுதியாட்டத்தை நான் இன்னும் போட்டுப் பார்ப்பேன். கிரீஸில் பொருளாதாரமே கவிழ்ந்துகிடந்த நேரம். நீங்கள் அப்போது ஆடிய கிரேக்க கிளப் ஒலிம்பியாகோஸ் பட்ஜெட்டைக் குறைத்து, பெரிய பெயர்களை அனுப்பிவிட்டு, இளம் கிரேக்கப் பையன்களோடு உங்களைப் போன்ற சிலரைச் சேர்த்து ஓட்டிக்கொண்டிருந்தது. எதிரே ரஷ்ய கிளப் சிஎஸ்கேஏ மாஸ்கோ, கிரிலென்கோ, கிறிஸ்டிச், டியோடோசிச் என்று நட்சத்திரக் கூட்டம். மூன்றாவது கால்பகுதியில் 19 புள்ளி பின்தங்கிவிட்டீர்கள். அங்கிருந்து ஒவ்வொன்றாகச் சுரண்டி எடுத்து, கடைசியில் உங்கள் அணியின் ஸ்பனூலிஸ் உள்ளே பாய்ந்து இருவரைத் தன் பக்கம் இழுத்துவிட்டுக் கொடுத்த பந்தை பிரின்டெசிஸ் ஒற்றைக் கையால் தூக்கிப் போட்டபோது மீதி 0.7 விநாடி. 62-61. மறுவருடம் லண்டனில் ரியல் மாட்ரிட்டுக்கு எதிராக முதல் கால்பகுதியில் 27-10 என்று அடி வாங்கிவிட்டு, 100 புள்ளி போட்டு ஜெயித்தீர்கள். இந்த இரண்டும் போதும், யாரிடமும் எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை.

ஆனால் எனக்கு உங்களைப் பிடித்தது கோப்பைகளால் அல்ல. எதிரணியில் பந்தைக் கொண்டுவரும் வேகமான பாயின்ட் கார்டு, தன்னைத் தடுப்பவரை மறித்து நிற்கும்படி சக ஆட்டக்காரரிடம் ஸ்கிரீன் கேட்பார், தடுப்பவர்கள் ஆள் மாற்றிக்கொண்டு, அதாவது ஸ்விட்ச் ஆகி, நீங்கள் அவர் முன்னால் வந்து நிற்பீர்கள். வேறு எந்த சென்டர் வந்தாலும் அந்த கார்டுக்குக் கொண்டாட்டம், பந்தை இரண்டு முறை தரையில் தட்டித் தாண்டிவிடுவார். என்பிஏவில் தடுப்பவர் யாரையும் காவல் காக்காமல் கூடைக்கடியில் மூன்று விநாடிக்கு மேல் நிற்கக்கூடாது, ஐரோப்பாவில் அந்த விதி கிடையாது, குனிந்து ஓட முடியாத ஏழடி ஆட்கள் கூடைக்கடியிலேயே நின்று காலத்தை ஓட்டலாம். நீங்கள் வெளியே வந்து, இடுப்பைத் தாழ்த்தி, கையை அவர் மேல் படாமல் விரித்துக்கொண்டு, பக்கவாட்டில் நகர்ந்துகொண்டே இருப்பீர்கள். இடம் போவார், வலம் போவார், பின்னால் வருவார், எறிவதற்கான 24 விநாடிக் கடிகாரம் தேய்ந்து தேய்ந்து நாலுக்கு வந்துவிடும், வேறு வழியில்லாமல் ஒரு கோணல் எறி எறிவார். புள்ளிப்பட்டியலில் அது ஒரு தவறிய எறி, உங்கள் பெயர் எங்கேயும் இருக்காது. உங்களைப் பற்றி நண்பர்களுக்கு விளக்க முடியாமல் போவதற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். இரண்டு நிமிட வீடியோவில் இதைக் காட்ட முடியாது.

அப்புறம் சிஎஸ்கேஏவில் ஏழு வருடம், 2016 பெர்லினிலும் 2019 விட்டோரியாவிலும் யூரோலீக் கோப்பை. மிலானில் நான்கு வருடம், 37 வயதில் இத்தாலிய லீக் கோப்பையோடு ஓய்வு. யூரோலீக்கில் மட்டும் 400 ஆட்டங்களுக்கு மேல். மிலான் ஆட்டங்களில் உங்கள் வேகம் குறைந்தது தெரிந்தது, மறைக்க விரும்பவில்லை. ஆனால் எங்கே போய் நிற்க வேண்டும் என்பதை முன்கூட்டியே தெரிந்து அங்கே போய் நின்றுவிடுவீர்கள், கால் செய்ததைக் கண் செய்யத் தொடங்கியது.

ஒன்றே ஒன்று கேட்க வேண்டும், பதில் வராவிட்டாலும் பரவாயில்லை. டியோடோசிச் 2011 வரை ஒலிம்பியாகோஸில் இருந்தவர், கிளப் செலவைக் குறைத்த அந்தக் கோடையில் சிஎஸ்கேஏவுக்குப் போனவர், மறுவருடமே தன் பழைய அணியிடம் அந்த ஒரு புள்ளியில் தோற்றவர். 2013இல் நீங்கள் அவருடைய டிரெஸ்ஸிங் ரூமுக்குள்ளேயே போய்ச் சேர்ந்தீர்கள், பெர்லினில் இருவரும் சேர்ந்தே கோப்பையைத் தூக்கினீர்கள். இடையில் இருந்த அந்த மூன்று சீசனில் இஸ்தான்புல்லைப் பற்றி எப்போதாவது பேசினீர்களா? யார் முதலில் வாயைத் திறந்தது?