அந்த வெள்ளை அக்வா யாருடையதாக இருந்தாலும்

திருகோணமலை

அன்புள்ள மகனுக்கு அம்மா எழுதிக்கொள்வது. அப்பாவும் நானும் நலம். உன் சுகத்துக்குக் கோணேசரை வேண்டிக்கொள்கிறேன். போன் எடுத்தால் "மீற்றிங்கில நிக்கிறன் அம்மா, பிறகு எடுக்கிறன்" என்று வைத்துவிடுகிறாய். அந்தப் பிறகு வருவதே இல்லை. வாட்ஸ்அப்பில் நீளமாக எழுதினால் கட்டைவிரல் படம் ஒன்றைப் போட்டு முடித்துவிடுவாய் என்பதால்தான் தாளில் எழுதுகிறேன்.

ஊர்ப் புதினம் பெரிதாக ஒன்றும் இல்லை. சின்ன மாமியின் மகளுக்குப் பேச்சு சரிவந்திருக்கிறது, மாப்பிள்ளை மட்டக்களப்பு. நான் வைத்த வெண்டிக் கன்று முழுவதையும் மான் தின்றுவிட்டது. படலையைத் திறந்து விட்டது யார் என்று அப்பாவுக்கும் எனக்கும் இன்னும் வழக்கு நடக்கிறது.

சரி, சொல்ல வந்தது வேறு. கந்தளாயில் டயர்க் கடை வைத்திருக்கிறாரே அப்பாவின் சிநேகிதர், அவர் போன கிழமை போன் எடுத்தார். பேச்சுவாக்கில் ஒன்று சொன்னார். பொழுதுபட்ட நேரம், கல்ஓயாப் பக்கமிருந்து ஒரு வெள்ளை அக்வாக் காரைச் சின்னப் பட்டா லொறி ஒன்று கயிறு போட்டு இழுத்துக்கொண்டு வந்ததாம். உள்ளே ஸ்டியரிங் பிடித்திருந்தது இளம் பிள்ளையாம். இந்த நாட்டில் எத்தனை வெள்ளை அக்வா ஓடுகிறது, அது யாருடையதோ. நான் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து அப்பா நடுச்சாமத்தில் எழும்பி விறாந்தையில் போய் இருக்கிறார். அதனால் இந்தக் கயிறு விஷயத்தை உன்னிடமும் சொல்லி வைப்போம் என்று நினைத்தேன். உன்னிடம் அக்வா இருக்கிறது என்பதற்காக மட்டும்தான்.

ஓட்டத் தெரியாத அம்மா கார் பற்றிப் பாடம் எடுக்கிறா என்று சிரிக்காதே. அப்பாவின் கராஜ் பில் முழுக்க என் கையெழுத்து. எந்த வண்டி எதனால் வந்தது, எவ்வளவு முடிந்தது என்று எனக்குத் தெரிந்த அளவுக்கு அவருக்கே நினைவில்லை. கயிற்றில் வந்த, தானாகக் கியர் மாறுகிற ஓட்டோ கியர் வண்டிகளின் பில் எப்போதும் நீளம். வரும்போது ஒரு பெல்ட்டோ ஒரு ரிலேயோதான் போயிருக்கும். வந்து சேர்வதற்குள் கியர்பொக்ஸ் போய்விடும். எஞ்சின் ஓடினால்தான் கியர்பொக்ஸுக்குள் ஒயில் பம்ப் வேலை செய்யும், எஞ்சின் நின்றிருக்கச் சக்கரம் மட்டும் சுழன்றால் உள்ளே இரும்பும் இரும்பும் ஒயில் இல்லாமல் தேயும் என்று அப்பா ஒவ்வொரு முதலாளிக்கும் சொல்வார். அவர்கள் "நியூட்ரலில்தானே போட்டிருந்தோம்" என்பார்கள். நியூட்ரலில் போட்டால் ஒயில் எங்கிருந்து வரும்?

அக்வா போல பெற்றோலிலும் மின்சாரத்திலும் ஓடுகிற ஹைபிரிட் என்றால் இன்னும் மோசம். அக்வாவின் முன் சக்கரங்களோடு மின் மோட்டர் சேர்ந்தே இருக்கிறது. வண்டி செத்துக் கிடந்தாலும், இழுக்க இழுக்க அந்த மோட்டரும் சுழன்று மின்சாரம் உண்டாக்கும். வேகம் கூடினால் சூடேறும், உள்ளே உடையும், தீப்பிடிக்கவும் இடமுண்டு. முன் சக்கரங்களைத் தூக்கி இழுக்க வேண்டும், இல்லாவிட்டால் வண்டியை முழுதாகச் சுமந்து போகிற கெரியர் லொறியில் ஏற்ற வேண்டும். வேறு வழியே இல்லையென்றால், நல்ல ரோட்டில், கொஞ்சத் தூரம், 30 கிலோமீற்றருக்குக் குறைந்த வேகத்தில். அவ்வளவுதான். கல்ஓயாவிலிருந்து கந்தளாய் கொஞ்சத் தூரமா? நீயே சொல்லு. பட்டாக்காரன் 30 இல்தான் வந்திருப்பானா?

அதிலும் பட்டா. இழுக்கிற வண்டி இழுபடுகிறதைவிடப் பாரமாக இருக்க வேண்டும் என்பது கராஜில் தேத்தண்ணீர் கொடுக்கிற பெடியனுக்கும் தெரியும். அக்வா ஒரு தொன்னுக்குக் கொஞ்சம் மேலே. வெறும் பட்டா அதைவிட லேசு. அவன் பிரேக் அடித்தாலும் பின்னால் வருகிற கார் அவனைத் தள்ளிக்கொண்டு போகும். கிண்ணியாவில் பாலம் வருவதற்கு முன், ஆட்களையும் வண்டிகளையும் அக்கரைக்கு ஏற்றிப் போகிற மிதவைப் பாதைக்கு இறங்குகிற சரிவில் சின்ன மாமாவின் நீல வானுக்கு நடந்தது உனக்கு மனப்பாடம். 2009 இல் பாலம் திறந்த அன்றும் மாமா அந்த இடத்தில் நின்று அதைத்தான் திரும்பச் சொன்னார், நீ காதைப் பொத்தினாய்.

பிரேக்கை எடுத்துக்கொள். எஞ்சின் நின்ற காரில் ஒன்றிரண்டு முறை மிதிக்கும் வரைதான் பெடல் இளகும். அதற்குப் பிறகு கல்லுப் போல இறுகிவிடும், இரண்டு காலாலும் ஏறி மிதிக்க வேண்டும். ஸ்டியரிங்கும் அப்படித்தான் பாரமாகும். சாவியை முழுக்கத் திருப்பி எடுத்துவிட்டால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும் வண்டிகளும் உண்டு. அந்தக் காலோடு, அந்தக் கையோடு, முன்னால் போகிறவனின் பின் பம்பருக்கு நாலைந்து மீற்றர் தள்ளி வருகிறாய். உனக்குக் கணக்கு நன்றாக வரும், போட்டுப் பார். 40 கிலோமீற்றர் வேகத்தில் ஒரு செக்கனுக்கு 11 மீற்றர் போகும். நாலு மீற்றருக்குள் நீ எதைப் பார்த்து, எப்போது காலைத் தூக்கி, எப்போது மிதிப்பாய்? நீ என்று சொன்னது பேச்சுக்கு. அந்தப் பிள்ளை.

நேரம் பொழுதுபட்ட நேரம் என்றாரே, அதுதான் அப்பாவைத் தூங்க விடாமல் வைத்திருக்கிறது. ஹபரணையிலிருந்து கந்தளாய் வரை யானை எங்கே குறுக்கே வரும் என்று யாருக்கும் தெரியாது. தனி வண்டி என்றால் நிற்பாய், லைற்றைக் குறைப்பாய், மெல்லப் பின்னுக்கு எடுப்பாய். கயிற்றில் கட்டின இரண்டு வண்டி எப்படிப் பின்னுக்குப் போகும்? முன்னால் இருப்பவன் றிவர்ஸ் போட்டால் உன் பொனற்றில்தான் ஏறுவான். கயிற்றை அவிழ்க்க யார் இறங்குவது? பகலில் யோசிக்கச் சின்ன விஷயமாகத் தெரியும். இரவு இரண்டு மணிக்கு விறாந்தையில் இருந்து யோசிக்கிறவருக்குச் சின்னதாகத் தெரியாது.

கயிறும் கயிறுதானே என்று நினைக்காதே. பட்டாவில் கிடந்தது மீன்பிடி நைலோன் கயிறாகத்தான் இருக்கும், எங்கள் பக்கம் வேறு என்ன கிடைக்கும். வெயிலும் உப்புத் தண்ணியும் தின்ற கயிறு. பார்க்க முழுசாக இருக்கும், முடிச்சுப் போட்ட இடத்தில் பலம் பாதிக்குப் பாதி போய்விடும். நைலோன் இழுபட்டு நீளும், அறுந்தால் நீண்ட அத்தனையும் ஒரே வீச்சில் திரும்பி வரும். துறைமுகத்தில் வேலை செய்த பெரியப்பா, கப்பல் கயிறு இறுகி நிற்கும்போது அதன் நேரே ஒருவரையும் நிற்க விடமாட்டார். நுனியில் கொளுக்கி இருந்தால் அதுவும் சேர்ந்து கண்ணாடிக்கு வரும். கம்பிக் கயிறு நல்லதென்று சிலர் சொல்வார்கள். அது நீளாது, அதனால் ஒவ்வொரு உதைப்பும் வண்டியில்தான் விழும், கொளுக்கியைப் பிடுங்கிக்கொண்டு போகும்.

கொளுக்கியை எங்கே மாட்டினார்களோ அதுவும் தெரியாது. அக்வாவுக்கு முன் பம்பரில் ஒரு சின்ன மூடி இருக்கும், அதைக் கழற்றி, டிக்கியில் சாமானோடு கிடக்கிற இரும்பு வளையத்தைச் சுற்றிப் பூட்ட வேண்டும். கையால் பூட்டினதோடு விட்டுவிடாதே, டயர் கழற்றுகிற சாவியைக் கொடுத்து இறுக்க வேண்டும். ஜப்பானில் இருந்து வருகிற வண்டிகளின் அடியில் தெரிகிற சில கொளுக்கிகள் கப்பலில் அசையாமல் கட்டுவதற்கு வைத்தவை. அவசரத்துக்கு ஆட்கள் அதில் கட்டுவார்கள், வண்டியின் அடிச்சட்டத் துண்டோடு கழன்று வரும். நீ வண்டி வாங்கின அன்று அப்பா அந்த வளையத்தை எடுத்துக் காட்டினார். நீ படம் எடுத்துப் போடுவதில் இருந்தாய்.

நான் எதற்கும் பயப்படுகிறவள் என்று நினைக்காதே, கயிறே கூடாது என்று அப்பாவும் சொல்வதில்லை. சாதாரண கியர் வண்டி, பிரேக் நல்லது, ஸ்டியரிங் நல்லது, பகல், ரோட்டு நடுவில் நின்றுவிட்டது என்றால் ஓரத்துக்கு எடுக்க, பக்கத்துக் கராஜுக்கு ஊர்ந்து போகக் கயிறு போடலாம். கயிற்றின் நடுவில் சிவப்புத் துணி கட்ட வேண்டும், இல்லாவிட்டால் மடத்தடிச் சந்தியில் எவனாவது மோட்டர்சைக்கிளை இரண்டு வண்டிக்கும் நடுவால் விடுவான். பின்னால் இருப்பவர் நன்றாக ஓடத் தெரிந்தவராக இருக்க வேண்டும், ஏனென்றால் கயிறு தொய்யாமல் பிரேக்கால் பிடித்துக்கொண்டு வருவது அவர்தான். ஆட்கள் மாற்றிச் செய்வார்கள். தெரிந்தவர் முன்னால் ஏறுவார், தெரியாத பிள்ளையைப் பின்னால் விடுவார்கள். பிரேக் போன வண்டி, சக்கரம் நெளிந்த வண்டி, பெற்றோல் ஒழுகுகிற வண்டி, நாலு சக்கரமும் இழுக்கிற ஜீப், ஹைபிரிட், மழை, சரிவு, இரவு, இதில் ஒன்று இருந்தாலும் கயிற்றைத் தொடக்கூடாது. அந்த அக்வாவுக்கு இதில் எத்தனை இருந்தது என்று நான் எண்ணவில்லை.

2022 இல் பெற்றோல் வரிசையில் நின்றபோது பழகின பழக்கம் இது. அப்போது எல்லாரும் தள்ளினார்கள், இழுத்தார்கள், வேறு வழி இல்லை. இப்போது வழி இருக்கிறது. முழுக் காப்புறுதி எடுத்த வண்டிக்கு அந்தக் கார்ட்டில் இருக்கிற நம்பருக்கு அடித்தால் கெரியர் அனுப்புவார்கள் என்று நீதான் எனக்குச் சொன்னாய். நடுச்சாமம் என்றாலும் வருவார்கள் என்றாய், பெருமையாகச் சொன்னாய். லீசிங்கில் எடுத்த வண்டிக்கு அந்தக் காப்புறுதி கட்டாயம் என்றும் சொன்னாய்.

அந்தக் கார்ட் டாஷ்போர்டில் இருக்கிறதுதானே தம்பி?

கேட்டேன் என்று கோபப்படாதே. கெரியர் காசில்லாமல் வரும் என்றால் ஒருவன் கயிற்றைத் தேட மாட்டான் என்று ஒரு யோசனை எனக்கு. காப்புறுதியைப் புதுப்பிக்க மறந்திருக்கலாம், வேலை மும்முரத்தில். மீற்றிங் கூடிப்போயிற்று என்கிறாய். கூடிப்போனதாகவே இருக்கட்டும். 2020 இல் வாகன இறக்குமதியை நிறுத்தினதிலிருந்து பழைய அக்வாவுக்கும் பவுன் விலை போன காலத்தில், யாரிடமும் கை நீட்டாமல் நீயாக எடுத்த வண்டி. அப்பா கராஜுக்கு வருகிற எல்லாரிடமும் சொன்னார். "என்ர மகன் சொந்தக் காலில எடுத்தவன்" என்று நான் பில் எழுதுகிற மேசைக்குக் கேட்கக் கேட்கச் சொன்னார். அப்படிப்பட்டவரிடம் "தவணை ஒன்று பிந்திவிட்டது" என்று சொல்ல உனக்குக் கூச்சமாக இருக்கும். எனக்கு விளங்குகிறது. விளங்கினாலும், கந்தளாய் வரை வந்த பிள்ளை இன்னும் கொஞ்சத் தூரத்தில் இருக்கிற வீட்டுக்கு வராமல் திரும்பிப் போனால் அதை நான் எங்கே கொண்டுபோய் வைப்பது? ஏழு வயதில் ஜக் போட்டு டயர் மாற்றின பிள்ளை, ஒரு கராஜ்காரரின் மகன், கயிற்றில் வந்தான் என்று வேறொருவர் சொல்லிக் கேட்கிறோம்.

வெள்ளை அக்வா ஆயிரம் ஓடும். பின் கண்ணாடியில் மூலையில் நீ சின்ன வயதில் கராஜ் சுவரில் ஒட்டின அதே நங்கூர ஸ்டிக்கர் ஒட்டின அக்வா ஒன்றுதான் ஓடும். டயர்க் கடைக்காரர் அதையும் சொன்னார்.

என்னிடம் சீட்டு எடுத்த காசு கிடக்கிறது. கூரைக்கு என்று வைத்தது, கூரை இந்த மாரிக்கும் தாங்கும் என்று ஓட்டுக்காரரே சொல்லிவிட்டார். வண்டி இப்போது எந்தக் கராஜில் நிற்கிறது என்று மட்டும் சொல்லு. அங்கே ஒருவரையும் கியர்பொக்ஸைக் கழற்ற விடாதே, ஸ்டார்ட் போட்டுப் பார்க்கவும் விடாதே, பெரிய பற்றரிப் பக்கம் கை வைக்க விடவே விடாதே. அப்பா ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் நேற்றுக் கராஜ் பள்ளத்தின் மேல் நின்ற வானை வெளியே தள்ளி இடம் வைத்திருக்கிறார். கெரியரில் ஏற்றி அனுப்பு, நீயும் அதிலேயே ஏறி வா. காசை இங்கே இறக்கும்போது நான் கொடுக்கிறேன். எங்கள் ஒழுங்கையில் கான் வெட்டிக் கிடக்கிறது, முன்பக்கத்தால் கெரியர் திரும்பாது, கராஜின் பின் கேற்றால் வரச் சொல்லு.

இப்படிக்கு
அம்மா