பன்னிரண்டு மெஷினும் பஞ்சப்படியும்

திருப்பூர்,
12.10.2025

அன்புள்ள மாரிமுத்து,

பொங்கலுக்கு எழுதுகிறேன் என்றவன் தீபாவளிக்கு எழுதுகிறேன். திட்டுவதை ஒரே மூச்சில் திட்டி முடித்துவிடு. வீட்டில் எல்லோரும் நலம். அம்மாவுக்குக் கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. கட்டு அவிழ்த்ததும் அவர் முதலில் சொன்னது, "உனக்கு இவ்வளவு வழுக்கையா?"

கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் நம் பவர் டேபிளில் பன்னிரண்டு மெஷின் போட்டிருந்தேன் அல்லவா, ஏழுக்கு உறை போட்டு மூடியாயிற்று. ஆகஸ்ட் 27-ஆம் தேதி அமெரிக்கா நம் சரக்குக்கு வரியை 50 சதவீதம் ஆக்கியது. சில நாளில் ஏற்றுமதிக் கம்பெனியிலிருந்து போன்: கட்டிங் ஆனதை அப்படியே வையுங்கள், தைக்க வேண்டாம். கழுத்துப் பட்டி ஏறியது, கை ஏறாதது என்று மூட்டை மூட்டையாகக் கிடக்கிறது. எலி விரட்டுவதுதான் இப்போது என் தொழில்.

தூக்கம் வராததால் கண்டதையும் யோசிக்கிறேன். அரசமரத்தடியில் நீ முதலாளித்துவத்தைக் கிழித்தபோதெல்லாம் கைதட்டியவன் நான். பிறகு பழைய ஓவர்லாக் தையல் மெஷின் ஒன்றைத் தவணைக்கு வாங்கி நானே முதலாளி ஆனேன். எட்டாம் வகுப்பு ஃபெயில், வெங்காயக் காட்டில் கூலிக்குப் போனவன்; யாரும் சான்றிதழ் கேட்கவில்லை. தையல் ஒழுங்கா, சொன்ன நாளில் சரக்கு வந்ததா, அவ்வளவுதான். டெய்லருக்குக் கைமடிக்க, எடுபிடியாக வந்தவர்கள் ஏற்றுமதி செய்யும் ஊர் இது. எந்தச் சர்க்கார் திட்டமும் இதைச் செய்திருக்காது. நீ எத்தனை பக்கம் எழுதினாலும் இதில் நான் இறங்கி வரமாட்டேன்.

ஆனால் கம்பெனி பேக்கிங்கில் ஒரு பனியனின் விலைச்சீட்டைப் பார்த்தேன்: 12.99 டாலர். அதைத் தைக்க எனக்கு 14 ரூபாய். கூலி, கரண்ட், வாடகை எல்லாம் அதற்குள். நடுவில் இருப்பவர்களுக்கும் செலவு உண்டு, தெரியும். ஆனாலும் வரி ஏறியதும், "விலையைக் குறை" என்ற பேச்சு அங்கே கடைக்காரனிடம் புறப்பட்டு, ஏஜெண்ட், கம்பெனி என்று படியிறங்கி என் வாசலில் நின்றது. எனக்குக் கீழே டெய்லர்தான்.

நொய்யல் ஆறும் இப்படித்தானே போனது. சாயத் தண்ணீரைச் சுத்தம் செய்யும் செலவை யாரும் பனியன் விலையில் சேர்க்கவில்லை, ஆற்றில் விட்டார்கள். பாசனத்துக்குக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை கழிவுத் தொட்டியானது. 2011-இல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது நான் நீதிமன்றத்தைத்தான் திட்டினேன். உன் அக்கா ஒன்றும் பேசவில்லை. கிணற்றிலிருந்து ஒரு சொம்பு மொண்டு வந்து கையில் கொடுத்தார். நான் குடிக்கவில்லை. பிறகு கழிவே வெளியேறாத சுத்திகரிப்பு வந்தது; சின்னப் பட்டறைகள் பல திறக்கவே இல்லை, ஆனால் தொழில் நிற்கிறது. முதலிலேயே செய்திருக்கலாம். செய்ய வைக்க ஆள் இல்லாதவரை நாங்கள் யாரும் செய்திருக்கமாட்டோம், நான் உட்பட.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஒன்பது பேர் போனஸ் கேட்கிறார்கள். என்னிடம் இருப்பது பாதிக்குத்தான். 'கொஞ்சம் பொறுங்கள்' என்றதற்கு ஓவர்லாக் செல்வி, "84-இல் விலைவாசிக்கு ஏற்ற பஞ்சப்படி கேட்டு 127 நாள் வேலைநிறுத்தத்தில் நின்ற கதையை நீங்கள்தானே அண்ணா வாராவாரம் சொல்வீர்கள்" என்கிறாள். கஞ்சியில் நீ இரண்டு முறை உப்புப் போட்டது வரைக்கும் அவளுக்கு அத்துப்படி.

நாளை மாலை உட்கார்ந்து பேசுகிறோம். வீட்டுக்காரியின் வளையலை அடகு வைத்தால் சமாளிக்கலாம். அவளிடம் இன்னும் கேட்கவில்லை. நீ போன் செய்து சொல், உன் பேச்சைத்தான் அவள் கேட்பாள்.

உன்,
பழனிசாமி