கருகிய மரங்களை வெட்டிய கைகளுக்கு

அன்புள்ள இராணுவ வீரர்களுக்கும் தீயணைப்புத் தொண்டர்களுக்கும்,

வணக்கம். அவுஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில், கிழக்கு கிப்ஸ்லாந்துப் பகுதியில், பெயர்ன்ஸ்டேல் நகரில் வாழும் சில தமிழ்க் குடும்பங்களின் சார்பில் இதை எழுதுகிறேன். 2019-20 கோடைக் காட்டுத்தீக்காக நீங்கள் எடுத்த பணி 2020 மார்ச் 26ஆம் திகதியோடு முடிவுக்கு வந்தது. அதற்குள் கொரோனா வந்து எல்லோருடைய கவனத்தையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டது. உங்களை முறையாக வழியனுப்ப ஒரு கூட்டம் வைக்க முடியவில்லை, ஒரு நேரச் சாப்பாடுகூடப் போட முடியவில்லை. அந்தக் குறை மனதை உறுத்துகிறது.

கடலோர ஊரான மல்லகூட்டாவில் நடந்தது உலகத்துக்கே தெரியும். 2019 டிசம்பர் 31ஆம் திகதி காலையில் வானம் நள்ளிரவுபோல் இருண்டு, பிறகு சிவந்தது. ஏறத்தாழ 4,000 பேர் தண்ணீர்க் கரையில் சிக்கிக்கொண்டார்கள். சாலை மூடிக்கிடந்தது, புகையால் விமானமும் இறங்க முடியவில்லை. ஜனவரி 3ஆம் திகதி கடற்படையின் சூல்ஸ் கப்பலும் சிகமோர் கப்பலும் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களை, அவர்களுடைய நாய்களையும் சேர்த்து, ஏற்றிக்கொண்டு போயின. அந்தப் படங்களைப் பார்த்து அழாதவர்கள் எங்கள் ஊரில் இல்லை.

ஆனால் நான் முக்கியமாக நன்றி சொல்ல வந்தது கமரா வராத இடங்களில் நடந்த வேலைக்கு.

இராணுவம் வந்தது என்றதும் தண்ணீர்க் குழாயைப் பிடித்துக்கொண்டு தீக்கு முன்னால் நின்றார்கள் என்றுதான் வெளியூரில் உள்ள உறவினர்கள் நினைத்தார்கள். அப்படி இல்லை. காட்டுத்தீக்கு முன்னால் நிற்பதற்குத் தனிப் பயிற்சி வேண்டும். அந்த வேலை சி.எஃப்.ஏ. என்ற ஊரகத் தீயணைப்பு அமைப்பின் தொண்டர்களுடையது, வனத்துறைத் தீயணைப்பாளர்களுடையது. அவர்கள் அங்கே நிற்க வேண்டுமானால் பின்னால் எத்தனையோ வேலைகள் நடக்க வேண்டும். சாலை திறக்க வேண்டும், எரிபொருள் வர வேண்டும், தீ தாண்டாதபடி தடுப்புக் கோடுகள் வெட்ட வேண்டும், களைத்து வருபவர்களுக்குச் சாப்பாடும் படுக்கையும் வேண்டும். நீங்கள் எடுத்துக்கொண்டது அந்த வேலைகளை. பெருமை குறைந்த வேலை என்று ஒருவர்கூட முகம் சுளித்ததை நான் காணவில்லை.

பிரின்சஸ் நெடுஞ்சாலையை எடுத்துக்கொள்ளுங்கள். ஓர்பொஸ்டுக்கு அப்பால் அது பல வாரங்கள் மூடிக்கிடந்தது. தீ போன பிறகும் மரங்கள் நின்றுகொண்டுதான் இருந்தன. வெளியே பார்த்தால் முழு மரம், அடியில் வேர்ப்பகுதி உள்ளே கனன்று வெறும் கூடாகியிருக்கும். காற்றே இல்லாமல் சாயும். ஒமியோப் பக்கம் பல ஆண்டு அனுபவமுள்ள தீயணைப்பாளர் ஒருவர் ஜனவரியில் மரம் விழுந்துதான் உயிரிழந்தார். அப்படிப்பட்ட மரங்களுக்கு நடுவே வனத்துறையினரோடு சேர்ந்து செயின்ஸாவும் புல்டோசருமாக, மைல் மைலாக நீங்கள் வழி திறந்தீர்கள். இன்று அந்தச் சாலையில் பால் லொறி போகிறது, மருந்து போகிறது என்றால் அது உங்களால்தான்.

சார்ஸ்ஃபீல்டில் எங்கள் நண்பர் ஒருவருக்கு மாட்டுப் பண்ணை உண்டு. வீடு தப்பியது, வேலிகள் போய்விட்டன, மாடுகளில் பாதி போய்விட்டது. செத்த மாடுகளைப் புதைக்கத் தனியாளாக அவரால் முடியவில்லை. முடியவில்லை என்று யாரிடமும் சொல்லவும் இல்லை. உங்களில் சிலர் இயந்திரத்தோடு வந்து குழி வெட்டினீர்கள். அந்த நாற்றத்தில் பகல் முழுக்க நின்றீர்கள். மாலையில் ஒருவர் அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, தானும் பண்ணையில் வளர்ந்தவன் என்று சொல்லி, மாடுகளின் பெயர்களைக் கேட்டாராம். நண்பர் ஒவ்வொன்றாகச் சொன்னாராம். அதன் பிறகுதான் தனக்கு அழுகை வந்தது, அன்றிரவுதான் நித்திரையும் வந்தது என்றார்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஈழத்திலிருந்து வந்தவர்களுக்குப் பச்சைச் சீருடையைக் கண்டால் என்ன ஆகும் என்பதை எங்கள் ஆட்களுக்கு விளக்க வேண்டியதில்லை. என் அம்மா 1995 இடப்பெயர்வில் யாழ்ப்பாணத்திலிருந்து நாவற்குழிப் பாலம் வழியாக நடந்து வெளியேறியவர். எங்கள் தெருவில் இராணுவ லொறி வந்து நின்றதும் அவர் என்னைக் கேட்காமலே யன்னல் திரையை இழுத்துவிட்டு, அடையாள அட்டைகள் இருக்கும் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். கதவைத் தட்டிய பெடியனுக்கு இருபது வயது இருக்கும். முகமெல்லாம் கரி. தண்ணீர்ப் போத்தல் பெட்டி வேண்டுமா, வயதானவர்கள் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டான். வாசற்படியைத் தாண்டி உள்ளே கால் வைக்கவில்லை. அம்மா கொஞ்ச நேரம் அவனையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் குசினிக்குள் போய்ப் பிளேன்டீ போட்டுக்கொண்டு வந்து, “குடி தம்பி” என்று தமிழிலேயே சொன்னார். அவனும் குடித்தான். இருபத்தைந்து வருடப் பயம் ஒரு கோப்பைத் தேநீரில் போய்விட்டது என்று நான் சொல்லமாட்டேன், போகவும் இல்லை. ஆனாலும் அந்தப் பிள்ளைக்காக அம்மா இப்போதும் விளக்கேற்றும்போது கும்பிடுகிறார். அவனுக்கு இது தெரியட்டும்.

ஜனவரி 4ஆம் திகதி 3,000 ரிசர்வ் (பகுதிநேர) படையினரை அரசாங்கம் அழைத்தது. இந்த அளவில் கட்டாய அழைப்பு விடுத்தது அவுஸ்திரேலிய வரலாற்றில் அதுவே முதல் தடவை. மொத்தமாக 6,500 பேருக்கு மேல் பணியில் இருந்தீர்கள். ரிசர்வ் படையினர் மற்ற நாட்களில் ஆசிரியர்கள், தச்சர்கள், கடை நடத்துபவர்கள். வேலையை விட்டு வந்த உங்களுக்கும், அனுப்பிவிட்டுச் சமாளித்த முதலாளிமாருக்கும், பள்ளி விடுமுறையில் பிள்ளைகளைத் தனியாகப் பார்த்த துணைவர்களுக்கும் எங்கள் நன்றி.

கடல் தாண்டி வந்தவர்களும் உண்டு. பிஜியின் இராணுவப் பொறியியலாளர்கள் 54 பேர் எங்கள் பகுதியில் மரம் வெட்டினார்கள். வேலை முடிந்து அவர்கள் சேர்ந்து பாடியதைக் கேட்டவர்கள் இன்னும் அதைப் பற்றியே பேசுகிறார்கள். பப்புவா நியூகினியிலிருந்தும் நியூசிலாந்திலிருந்தும் வந்தார்கள். சிங்கப்பூர் விமானப்படை இரண்டு சினூக் ஹெலிகொப்டர்களைத் தந்தது. அமெரிக்காவிலிருந்து வந்த தீயணைப்பு விமானம் ஜனவரி 23ஆம் திகதி நியூ சவுத் வேல்ஸில் விழுந்து, அதிலிருந்த மூவரும் இறந்தார்கள். அவர்களுடைய குடும்பங்களுக்கு நன்றி என்ற சொல் போதாது என்று தெரியும். எங்களிடம் வேறு சொல் இல்லை.

சி.எஃப்.ஏ. தொண்டர்களே, உங்களை மறந்துவிடவில்லை. சம்பளமில்லாமல், சிலர் சொந்த வீடு எரிந்துகொண்டிருக்க அடுத்தவர் வீட்டைக் காத்தீர்கள். நிவாரண முகாமில் சோறும் கறியும் சமைத்துத் தந்த சீக்கியத் தொண்டர்களுக்கும் நன்றி.

இந்த மடலின் ஆங்கிலப் பிரதியை உங்களுக்கு அனுப்பிவைக்கிறோம். தமிழில் எழுதுவது எங்கள் ஆட்களும் வாசிக்க வேண்டும் என்பதற்காக. கிராமப்புறங்களில் குடியேறியிருக்கும் நம் பிள்ளைகளே, உங்கள் ஊர்த் தீயணைப்பு நிலையத்துக்கு ஆள் தேவை. பயிற்சி இலவசம். எங்கள் வீட்டிலிருந்து என் மகள் விண்ணப்பம் கொடுத்திருக்கிறாள். மற்றவர்களும் போய்க் கேளுங்கள்.

அன்புடனும் நன்றியுடனும்,
பெயர்ன்ஸ்டேல் தமிழ்க் குடும்பங்கள் சார்பில்