அந்தச் சொல் எங்கள் பெயர் அல்ல

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் உசிலம்பட்டிப் பக்கம் ஒரு கிராமத்துக்காரி. 31 வருஷம் அரசுப் பள்ளிகளில் பாடம் சொல்லிக் கொடுத்துவிட்டு ஓய்வு பெற்றவள். உங்கள் பேப்பர் என் அப்பா காலத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு வருகிறது, எழுத்துக்கூட்டிப் படிக்க நான் பழகியதே அதன் தலைப்புச் செய்திகளை வைத்துத்தான். அந்த உரிமையில் எழுதுகிறேன். ஒரு வார்த்தை கூடக்குறைய வந்துவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஏப்ரல் 3ஆம் தேதி பெருங்காமநல்லூர் தியாகிகள் நினைவு நாள் பற்றி நீங்கள் போட்ட செய்தியில், "குற்றப்பரம்பரையைச் சேர்ந்த 16 பேர் உயிரிழந்தனர்" என்று ஒரு வரி இருந்தது. படித்ததும் பேப்பரை மடித்து வைத்துவிட்டேன். எழுதிய தம்பி கெட்ட எண்ணத்தில் எழுதியிருக்க மாட்டார், பழைய செய்தி எதையாவது பார்த்து எழுதியிருப்பார், அது எனக்குப் புரிகிறது. ஆனால் எந்தச் சொல்லை ஏற்க மாட்டோம் என்று அந்த 16 பேரும் உயிரை விட்டார்களோ, அதையே அவர்கள் பெயருக்கு முன்னால் பட்டம் மாதிரிப் போட்டுவிட்டீர்களே, அதைத்தான் மனசு தாங்கவில்லை.

விவரம் தெரியாத பிள்ளைகளுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். 1871ல் வெள்ளைக்காரர்கள் வடக்கே கொண்டுவந்தது குற்றப்பரம்பரைச் சட்டம். 1911ல் அதைத் திருத்திச் சென்னை மாகாணத்துக்கும் நீட்டித்தார்கள். ஒருவன் திருடினான், பிடித்தார்கள், விசாரித்தார்கள், தண்டித்தார்கள் என்ற பேச்சே அதில் கிடையாது. இந்தச் சாதியில் பிறந்தாயா, இந்த ஊரில் குடியிருக்கிறாயா, அப்படியானால் உன் பெயர் பதிவேட்டில் ஏற வேண்டும், விரலை மையில் தோய்த்து வைக்க வேண்டும், ராத்திரி அவர்கள் சொன்ன இடத்தில் ஆஜராக வேண்டும், வெளியூர் போவதென்றால் சீட்டு வாங்கிக்கொண்டு போக வேண்டும். அரசாங்கம் ஒரு கூட்டத்தை அந்தப் பட்டியலில் சேர்த்து அறிவித்துவிட்டால், அது சரியா தப்பா என்று எந்தக் கோர்ட்டுக்கும் போய்க் கேட்க முடியாது. எங்கள் பக்கம் இதற்கு ரேகைச் சட்டம் என்றே பெயர். எங்கள் பிரமலைக் கள்ளர்கள் மட்டும் இல்லை, மறவர், குறவர், வலையர் என்று எத்தனையோ பேர் இதில் சிக்கிச் சீரழிந்தார்கள். அந்தச் சட்டத்தில் சிக்கியிருந்தவர்களை இன்றைக்கு அரசு சீர்மரபினர் என்கிறது, அந்தப் பட்டியலில் இருக்கும் சமூகங்கள் 68. அத்தனை வீட்டிலும் இந்த மை பட்ட கதை ஏதாவது ஒன்று இருக்கும்.

1920 ஏப்ரல் 3 அன்று சேடபட்டிப் பக்கத்துப் பெருங்காமநல்லூருக்குள் போலீஸ் வந்தபோது ஊர் ரேகை வைக்க மறுத்தது. துப்பாக்கிச் சூட்டில் முடிந்தது. மாயக்காள் என்ற பெண்ணையும் சேர்த்து 16 பேர் செத்தார்கள். குண்டடி பட்டுக் கிடந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கப் போன அந்த மாயக்காளைத்தான் துப்பாக்கி முனைக் கத்தியால் குத்தினார்கள் என்று ஊரில் சொல்வார்கள். பிடிபட்டவர்களைச் சங்கிலியில் பிணைத்துத் திருமங்கலம் வரை நடத்தியே கூட்டிப்போனதையும் சொல்வார்கள்.

என் அப்பத்தா இதையெல்லாம் வரலாறு மாதிரிச் சொன்னவர் இல்லை. அவருக்குத் தெரிந்தது எங்கள் தாத்தாவின் விரல்தான். களி கிண்டிக்கொண்டே ஒரு நாள் சொன்னார்: "மை போகவே இல்லடி. சாம்பல் போட்டுத் தேச்சாரு, புளி போட்டுத் தேச்சாரு, நகக்கண்ணுல அப்படியே கருப்பா நின்னுச்சு. அந்தக் கையால சோறள்ள மனசு வராம ரெண்டு நாளு கஞ்சியக் குடிச்சிக்கிட்டுக் கெடந்தாரு." கல்யாணம் ஆன அன்றைக்கு ராத்திரியும் தாத்தாவுக்குச் சாவடியில்தான் படுக்கை. அப்பத்தா புதுச்சேலையோடு மாமியார் பக்கத்தில் படுத்துக் கிடந்திருக்கிறார். இதைச் சொல்லும்போது அவர் அழுததே இல்லை. அவருக்கு ஆறாமல் இருந்தது வேறு ஒன்று. "பேரக்கூடத் தப்பா எழுதிட்டுப் போயிட்டான்டி" என்பார். ஒரு மனுஷனைப் பிறவித் திருடன் என்று எழுதுகிறவன், அவனுடைய பெயர் என்ன என்று நிமிர்ந்து பார்த்து ஒரு தடவை ஒழுங்காகக் கேட்கவில்லை. இத்தனை வயசுக்கு அப்புறமும் என்னால் இதைச் சாதாரணமாகச் சொல்ல முடியவில்லை.

ரேகை பிடிக்கிற வேலையே நம் நாட்டில்தான் பெரிதாக வளர்ந்தது. 1858ல் வங்காளத்தில் வில்லியம் ஹெர்ஷல் என்ற அதிகாரி ஓர் ஒப்பந்தத்தில் ராஜ்யாதர் கோனாய் என்ற ஒப்பந்தக்காரரின் உள்ளங்கையை மையில் தோய்த்துப் பதியவைத்தார். 1897ல் கல்கத்தாவில் ரேகைக்கென்றே தனியாக ஓர் அலுவலகம் வந்தது. லட்சக்கணக்கான ரேகைகளை வகை பிரித்து அடுக்குகிற கணக்கைப் போட உழைத்தவர்கள் அஜிசுல் ஹக், ஹேமசந்திர போஸ் என்ற இரண்டு இந்தியர்கள். முறைக்குப் பெயர் வந்ததோ அவர்களுடைய மேலதிகாரி ஹென்றியின் பெயரில். யார் யார் என்று கண்டுபிடிக்கிற வித்தையைக் கட்டிக் கொடுத்தவர்களின் பெயரே பின்னால் தள்ளப்பட்டுவிட்டது. வகுப்பில் இதைச் சொல்லும்போதெல்லாம் பிள்ளைகள் கொஞ்ச நேரம் பேசாமல் இருப்பார்கள்.

இப்போது என் அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். வயது 82. சின்ன வயசில் பள்ளிக்கூடத்துப் பக்கம் போனதில்லை, பருத்தி எடுக்கவும் கடலை பறிக்கவும் போனவர். எங்கு போனாலும் கைநாட்டு. அந்தச் சொல் நம் ஊரில் எப்படிப்பட்டது என்று உங்களுக்கே தெரியும், "அது கைநாட்டு, அதுகிட்ட என்ன பேச்சு" என்று ஆளையே அதில் அடக்கிவிடுவார்கள். அறிவொளி இயக்கம் வந்தபோது அம்மாவுக்கு 50 வயது. தெருவிளக்குக் கம்பத்துக்குக் கீழே சாக்கை விரித்து, பகல் முழுக்கக் களையெடுத்த கையால் சிலேட்டுக் குச்சியைப் பிடித்து, மூன்று மாதத்தில் தன் பெயரை எழுதிவிட்டார். முதல் தடவை கூட்டுறவுச் சங்கத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்த அன்றைக்கு வீட்டில் பாயசம் வைத்தார். எங்களுக்கெல்லாம் வேலை கிடைத்தபோது கூட அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்க்கவில்லை.

கீழடியில் பானை ஓடுகள் கிடைத்திருக்கின்றனவே, ஆதன், குவிரன் என்று பெயர் கீறிய ஓடுகள், அவற்றை முதல்முறை பார்த்தபோது எனக்கு நினைவுக்கு வந்தது அம்மாவின் சிலேட்டுதான். ராஜா பெயர் இல்லை, சாமி பெயர் இல்லை. 2,000 வருஷத்துக்கும் முன்னால் வைகைக்கரையில் யாரோ ஒருவர் தன் பானையில் பெயரைப் பொறித்து வைத்திருக்கிறார்.

போன வருஷம் ஒரு நாள் அம்மாவை ரேஷன் கடைக்குக் கூட்டிப்போனேன். மெஷினில் ரேகை விழவில்லை. பெருவிரல், ஆள்காட்டி விரல், இடது கை, வலது கை, சேலையில் துடைத்துவிட்டு மறுபடியும். வயலில் வேலை பார்த்துப் பார்த்துத் தேய்ந்துபோன கை, அதில் கோடே இல்லை. கடைக்காரத் தம்பி நல்ல பிள்ளை, வேறு வழியில் பதிவு செய்து பொருளைக் கொடுத்துவிட்டார், அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் வரும் வழியெல்லாம் அம்மா கையை விரித்து விரித்துப் பார்த்துக்கொண்டே வந்தார். "என் கையே எனக்குச் சாட்சி சொல்ல மாட்டேங்குதே" என்றார். கையெழுத்துப் போடட்டுமா என்று அங்கே கேட்டதற்கு, அதெல்லாம் இதில் ஏறாது பாட்டி என்று சொல்லியிருந்தார்கள். 50 வயதில் கைநாட்டிலிருந்து தப்பித்து வந்தவரை 82 வயதில் திரும்பவும் விரலை நீட்டச் சொல்கிறது ஊர்.

சரி, ரேகைச் சட்டமும் ரேஷன் கடை மெஷினும் ஒன்று என்று நான் சொல்ல வரவில்லை. ஒன்று ஆளை அடைத்துவைக்க வந்தது, மற்றது அரிசி கொடுக்க வந்தது. இரண்டையும் ஒன்றாக்கிப் பேசினால் பெருங்காமநல்லூரில் செத்தவர்களுக்குத்தான் அவமரியாதை. எனக்குத் தோன்றுவது இவ்வளவுதான்: நான் இன்னார் என்று ஒரு மனுஷி சொன்னால் அந்த வார்த்தைக்கும் ஒரு மதிப்பு இருக்க வேண்டும்.

மதுரையில் மீனாட்சி கோயிலுக்குப் பக்கத்தில் சொக்கப்ப நாயக்கன் தெரு வீட்டில் 1896ல் 16 வயதுப் பையன் ஒருவனுக்குச் சாவு பயம் வந்து, உடம்பு போனால் நான் போய்விடுவேனா, அப்படியானால் நான் யார் என்ற கேள்வி பிடித்துக்கொண்டது. பின்னால் ரமணர் ஆனவர். வீட்டை விட்டுப் போகும்போது எழுதிவைத்த சீட்டில் அவர் தன் பெயரைக்கூடப் போடவில்லை. ரயிலேறித் திருவண்ணாமலை போய்விட்டார். பெயரையே உதறிவிட்டுப் போகிற அந்தச் சுதந்திரம் எனக்கு மிகவும் பெரிதாகப் படுகிறது. ஆனால் உதறுவதற்கு முதலில் பெயர் தன் கையில் இருக்க வேண்டும், ரயிலேறப் போலீஸிடம் அனுமதிச் சீட்டு வாங்காமல் இருக்க முடிய வேண்டும். அடுத்த 25 வருஷத்துக்குள் இதே சீமையில் என் தாத்தாவுக்கு இந்த இரண்டும் இல்லாமல் போனது. அவர் யார் என்பதை அவரைக் கேட்காமலேயே எழுதி முடித்துவிட்டார்கள்.

எங்களுக்காகக் கோர்ட்டில் நின்று வாதாடியவர் ஜார்ஜ் ஜோசப். கேரளத்துச் செங்கன்னூரில் பிறந்து, மதுரையில் வக்கீலாக இருந்தவர். கோட்டில் ரோஜாப்பூ வைத்திருப்பார் என்பதால் எங்கள் ஜனங்களுக்கு ரோசாப்பூ துரை. எங்கள் சாதி இல்லை, எங்கள் மதம் இல்லை, பிறந்தது எங்கள் மொழியிலும் இல்லை. நியாயத்துக்காக வந்தார். 1947ல் சென்னை மாகாணத்தில் சட்டம் ரத்தானபோது அதைப் பார்க்க அவர் உயிரோடு இல்லை. நாடு முழுக்க ரத்தாக 1952 ஆகிவிட்டது.

இப்போது எங்கள் பிள்ளைகளிடமும் ஒரு வார்த்தை. பைக்கில், பனியனில், செல்போன் உறையில் குற்றப்பரம்பரை என்ற அந்தச் சொல்லை வீரப்பட்டம் மாதிரி எழுதிக்கொண்டு திரிகிற பையன்களைப் பார்க்கிறேன். என்னிடம் படித்த பையன்களும் அதில் உண்டு. தம்பிகளா, அது உங்கள் பாட்டனை அசிங்கப்படுத்தப் போலீஸ் பதிவேட்டில் எழுதிய சொல். மை போக அவர் புளி போட்டுத் தேய்த்தார், நீங்கள் ஸ்டிக்கராக ஒட்டிக்கொள்கிறீர்கள்.

அப்புறம், உண்மை வேண்டும் என்று கேட்கிறவர்கள் நமக்குப் பிடித்த உண்மையோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது. பாப்பாபட்டியிலும் கீரிப்பட்டியிலும் நாட்டார்மங்கலத்திலும் ஊராட்சித் தலைவர் பதவி தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கப்பட்டது என்பதற்காக 1996லிருந்து பத்து வருஷம் தேர்தலே ஒழுங்காக நடக்கவிடாமல் செய்தது யார்? நாங்கள்தான். மேலூர்ப் பக்கம் மேலவளவில் 1997ல் ஊராட்சித் தலைவர் முருகேசனையும் அவரோடு வந்தவர்களையும் வெட்டிக் கொன்றதும் இதே மதுரை மாவட்டத்தில்தான். பிறப்பை வைத்து ஒருவனைத் திருடன் என்று எழுதியது அநியாயம் என்றால், பிறப்பை வைத்து ஒருவன் நாற்காலியில் உட்காரக் கூடாது என்பதும் அதே பதிவேடுதான், எழுதுகிற கை மட்டும் எங்களுடையது. இதைச் சொன்னதற்காக உறவுக்காரர்கள் சிலர் எங்கள் வீட்டு விசேஷத்துக்கு வருவதில்லை. பரவாயில்லை. 2006ல் அந்த ஊர்களில் ஒருவழியாகத் தேர்தல் நடந்து முடிந்தபோது, எங்கள் அப்பத்தா இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று நினைத்துப் பார்த்தேன். அவமானம் என்றால் என்ன என்று தெரிந்தவர், சந்தோஷப்பட்டிருப்பார் என்றுதான் நம்புகிறேன்.

உங்களிடம் நான் கேட்பது பெரிய காரியம் இல்லை. இனிமேல் அந்தச் சொல்லை எழுத வேண்டி வந்தால், 'குற்றப்பரம்பரை என்று ஆங்கிலேய அரசு முத்திரை குத்திய' என்று முழுதாக எழுதுங்கள். நாலு வார்த்தை கூடும், இடம் இருக்கும். 16 பேர் என்று மொத்தமாகப் போடாமல், நினைவுத் தூணில் இருக்கிற பெயர்களை வருஷத்துக்கு ஒரு நாள் ஒன்று விடாமல் அச்சிடுங்கள், எழுத்துப் பிழை இல்லாமல். அன்றைக்குக் காவல் நிலையங்களில் எழுதி வைத்த பதிவேடுகள் எங்கெங்கே மிச்சம் இருக்கின்றனவோ, அவற்றைச் சம்பந்தப்பட்ட குடும்பங்கள் போய்ப் பார்க்க வழி செய்ய வேண்டும் என்று அரசிடம் கேட்டு ஒரு தலையங்கம் எழுதுங்கள். என் தாத்தாவின் பெயரை எப்படி எழுதினார்கள் என்று ஒரு தடவையாவது நான் பார்த்துவிட வேண்டும்.

இந்தக் கடிதத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். பாதியில் தூங்கிவிட்டார் என்று நினைத்தேன், கண்ணை மூடிக்கொண்டு கேட்டிருக்கிறார். முடித்ததும் பேனாவைக் கேட்டார். என் கையெழுத்துக்குக் கீழே கோணலாக இருப்பது அவருடையது, கடைசி எழுத்து தாளின் ஓரம் வரை போய்விட்டது. எழுதி முடிக்க நேரமானது, நான் கையைப் பிடிக்கவில்லை.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவரும் அவருடைய தாயாரும்,
உசிலம்பட்டி வட்டம், மதுரை மாவட்டம்