சுடோகுவுக்குப் பக்கத்தில் கொஞ்சம் இடம்

ஆசிரியர் அவர்களுக்கு,

சுடோகுவுக்குத் தினமும் இடம் ஒதுக்குகிறீர்கள், சந்தோஷம். ஆனால் கணிதத்தைப் பற்றிப் படிக்க உங்கள் நாளிதழில் ஒரு பத்திகூட இல்லை. பொது வாசகருக்குப் புரியாது என்ற தயக்கமா?

கேம்பிரிட்ஜ் மாணவர்களின் 'யுரேகா' கணித இதழ் 1939-இல் தொடங்கியது. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் மாணவர்கள் 2015-இல் ஆரம்பித்த 'சாக்டஸ்ட்' இன்னும் லேசானது. குறுக்கெழுத்து மாதிரி குறுக்கெண் புதிர் உண்டு. கணித மேதை டிரிக்லேயின் பெயரில் வாசகர்களின் சொந்தச் சிக்கல்களுக்கு யோசனை சொல்லும் பகுதிகூட உண்டு!

மாணவர்கள் எழுதினால் ஒரு லாபம்: எந்த இடத்தில் தலை சுற்றும் என்பது அவர்களுக்கு இன்னும் மறக்கவில்லை. 23 பேர் கூடினால் இருவருக்காவது ஒரே பிறந்தநாள் அமைய பாதிக்கு மேல் வாய்ப்பு. இதைப் பேராசிரியர் சூத்திரத்தில் தொடங்குவார். மாணவரோ, "23 பேரில் எத்தனை ஜோடி என்று எண்ணினீர்களா? 253!" என்பார். என் மண்டையில் ஏறியது இரண்டாவதுதான்.

மாதம் அரைப் பக்கம் ஒரு மாணவர் குழுவிடம் கொடுத்துப் பாருங்களேன். அப்புறம், சூத்திரமே கூடாது என்று தடை போட்டுவிடாதீர்கள். ஒன்றிரண்டு இருந்தால் குடி முழுகிவிடாது.

இப்படிக்கு,
கணக்கில் சுமாரான ஒரு வாசகர்